கரீபியன் ஒன்-பாட்டும் எங்கள் லயத்துச் சட்டியும்

மக்களே, முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

போன மாதம் இங்கே டொராண்டோவில் நம்ம ஊர்க் குடும்பங்கள் கூடிய பாட்லக்கில் அந்தப் பொய்யைச் சொன்னேன். வாயால் சொல்லவில்லை. ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிப் பாத்திரத்துக்கு முன்னால் ஒட்டினேன்: "கரீபியன் ஒன்-பாட் – மரவள்ளி, பீன்ஸ், சால்ட் ஃபிஷ், தேங்காய்ப்பால்". அரைமணி நேரத்தில் பாத்திரம் காலி. அடியில் ஒட்டியிருந்ததைக் கூட ஒருத்தர் சுரண்டிக்கொண்டு போனார்.

அதற்கு முந்தின வருடம் இதே கூட்டத்துக்கு இதையேதான் கொண்டுபோயிருந்தேன். சால்ட் ஃபிஷ்ஷுக்குப் பதில் நெத்திலிக் கருவாடு, அவ்வளவுதான் வித்தியாசம். அப்போது சீட்டில் எழுதியது: "கப்பையும் கருவாடும் – எங்க எஸ்டேட் சமையல்". மொத்தமே நாலு கரண்டி போயிருக்கும். அதில் இரண்டு நானே போட்டுக்கொண்டது. ஒரு நண்பர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன தல, உங்க ஊர்ல ரேஷன்ல அரிசி போடலையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு அக்கா தன் பையனிடம், "அது வேண்டாம் கண்ணா, வயித்துக்கு ஆகாது" என்று தட்டை நகர்த்திவிட்டார். இந்த வருடம் அதே அக்காதான் போனை நீட்டி, "ரெசிபியை வாட்ஸப்ல போடுங்க தம்பி, ரொம்ப ஈஸியா இருக்கும் போல, ஹெல்த்தியும் கூட" என்றார்.

இதோடு போயிருந்தால் நாலு வரி மொக்கையாக எழுதிச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இந்த முறை அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து கிள்ளியவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். திரும்பி வரும்போது காரில் பின் சீட்டிலிருந்து கேட்டார்.

"ஏய்யா, அந்தச் சீட்டுல எந்த ஊரு பேரு எழுதியிருந்த?"

"சும்மாம்மா. ஒரு பேருக்கு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "ம்ம். நம்ம பேரப் போட்டா போகாதுல்ல" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்தப் பதிவு அந்தச் சீட்டுக்கான அபராதம். கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். தங்கமணி வேறு, "எழுதுங்க, என்னை மட்டும் உள்ள இழுக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறார். இழுக்கத்தான் போகிறேன்.

கொஞ்சம் கொசுவர்த்தி

எங்கள் ஊர் இடுக்கி மாவட்டம் தேவிகுளம் தாலுகாவில் ஒரு எஸ்டேட். தங்கமணி ஊர் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இரண்டும் கேரளத்தின் கிழக்கு ஓரம். இரண்டு இடத்திலும் வீட்டுப் பேச்சு தமிழ். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று பெரிய போராட்டமே நடந்தது. சேரவில்லை. அதனால் தமிழ்நாட்டுக்குப் போனால் "நீங்க மலையாளியா?", கொச்சிக்குப் போனால் "பாண்டி". எந்தச் சீட்டு ஒட்டினாலும் எங்களுக்குச் சரியாக ஒட்டாது. அதைப் பழகிக்கொண்டோம்.

எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு அறை, பின்னால் ஒரு அடுப்படி. அம்மா காலையில் மஸ்டருக்குப் போனால் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, வரும் வழியில் விறகு பொறுக்கிக் கட்டிக்கொண்டு, இருட்டுகிற நேரத்துக்கு வந்து சேருவார். ஜூன், ஜூலை மழையில் விறகு நனைந்திருக்கும். ஊதி ஊதிக் கண் சிவந்துவிடும். அந்தத் தீயில் சோறு வடித்து, இறக்கி, குழம்பு வைத்து, இறக்கி, அப்புறம் ஒரு பொரியல் என்றால் இராத்திரி பத்து மணி ஆகும். இரண்டாவது பாத்திரம் அடுப்பில் ஏறுவதற்குள் தம்பி சாக்கு மேலேயே தூங்கிவிடுவான்.

அதனால் ஒரே அலுமினியச் சட்டி. கப்பைக்கிழங்கைக் கொத்திப் போட்டு வேகவைத்துத் தண்ணீரை இறுத்துவிடுவார். பிறகு அதே சட்டியில் வட்டவடைப் பக்கத்திலிருந்து வரும் பட்டர் பீன்ஸ், சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், காந்தாரி மிளகாய், கையில் இருந்தால் கருவாடு, தேங்காய் இருந்தால் தேங்காய். கிளறி மூடி வைத்தால் முடிந்தது. சட்டியைச் சுற்றி உட்கார்ந்து தின்போம். அது குளிருக்கும் இதம், வயிற்றுக்கும் நிறைவு.

கொழிஞ்சாம்பாறையில் அரிசிம்பருப்பு. கோயமுத்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய், மஞ்சள், எல்லாம் ஒரே பாத்திரத்தில். மேலே ஒரு கரண்டி நெய். என் மாமியார் காட்டு வேலை முடித்து வந்து அதைத்தான் ஆக்குவாராம்.

ஆக, யாரும் எங்களுக்கு "ஒன்-பாட்" சொல்லித்தர வேண்டியதில்லை. அதைச் சொல்லிக்கொள்ளத்தான் வெட்கம். என் கோபமும் அந்த வெட்கத்தின் மேல்தான். உழைக்கிறவள் சட்டி என்றால் முகம் சுளிப்போம், வேற்று நாட்டுப் பெயரில் வந்தால் வரிசையில் நிற்போம்.

அந்த வேற்று நாட்டுச் சட்டி யாருடையது?

இதுதான் வேடிக்கை. கரீபியன் சட்டியும் தோட்டக் கூலிச் சட்டிதான்.

என் ஆபீஸில் கயானாக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய குடும்பப் பெயர் ஒரு "சாமி"யில் முடியும். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மாரியம்மாவைத் தெரியும். ஒருநாள் என் டப்பாவில் அரிசிம்பருப்பைப் பார்த்துவிட்டு, "ஓ, குக்-அப்!" என்றார். அவர்கள் ஊரில் வருடத்தின் கடைசி இராத்திரி குக்-அப் ரைஸ் கட்டாயம். அரிசி, தட்டப்பயறு, தேங்காய்ப்பால், தைம் இலை, வீட்டில் இருக்கும் இறைச்சி, எல்லாம் ஒரே பானையில். துவரம்பருப்பு இருந்த இடத்தில் தட்டப்பயறு, தண்ணீர் இருந்த இடத்தில் தேங்காய்ப்பால். மற்றபடி கொழிஞ்சாம்பாறைதான்.

அந்தப் பானை எப்படி வந்தது என்று பார்த்தால் சாப்பாடு தொண்டையில் நிற்கும். கரும்புத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு ஜமைக்கா போன்ற தீவுகளில் முதலாளிகள் முழுச் சோறு போடவில்லை. மலைச்சரிவில் மிச்ச நிலத்தைக் காட்டி, கிடைக்கும் ஓய்வு நேரத்தில் நீங்களே கிழங்கு போட்டுத் தின்றுகொள்ளுங்கள் என்றார்கள். கூடக் கொஞ்சம் உப்புக்கண்டம், உப்பு மீன். அந்த உப்பு மீன் எங்கிருந்து போனது தெரியுமா? நாம் இப்போது குடியிருக்கும் இதே கனடா பக்கம், நியூஃபவுண்ட்லாந்து, நோவா ஸ்கோஷியா கரைகளிலிருந்து. நல்ல மீன் ஐரோப்பாவுக்கு, கழிசடை ரகம் மேற்கிந்தியத் தோட்டங்களுக்கு. இன்றைக்கு ஸ்கார்பரோ கடையில் நாம் விலை பார்த்து வாங்கும் சால்ட் ஃபிஷ்ஷின் பூர்வீகம் இது.

சீமைப்பலா கதையும் அதேதான். குறைந்த செலவில் அடிமைகளின் வயிற்றை நிரப்பலாம் என்ற கணக்கில் 1793-ல் கேப்டன் வில்லியம் ப்ளை பசிபிக் தீவிலிருந்து கன்றுகளைக் கப்பலில் ஏற்றி செயின்ட் வின்சென்ட்டிலும் ஜமைக்காவிலும் இறக்கினார். அந்தச் சீமைப்பலாவும் உப்புக்கண்டமும் கீரையும் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சேர்ந்து ஒரே சட்டியில் வற்றுவதுதான் கிரெனடாவின் தேசிய உணவான ஆயில் டவுன். அதே சீமைப்பலா எங்கள் பக்கம் கடச்சக்கை என்ற பெயரில் கொல்லையில் காய்க்கிறது.

1834-ல் பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை ஒழிந்ததாகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உண்மையான விடுதலை 1838-ல். அதே 1838-ல் கல்கத்தாவிலிருந்து இரண்டு கப்பல்கள் கயானாவில் இந்தியக் கூலிகளை இறக்கின. பின்னாலேயே மெட்ராஸிலிருந்தும் கப்பல் போனது. 1917-ல் அந்த ஏற்றுமதி நிற்பதற்குள் கயானாவுக்கு மட்டும் சுமார் 2.39 லட்சம் பேர். பெரும்பகுதி வடக்கத்தியர், ஒரு சிறு பகுதி நம்மவர்கள். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு வீராசாமி பெருமாள், மகேந்திர நாகமுத்து பெயர்கள் நினைவிருக்கும். 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து.

பிரெஞ்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1853-ல் மார்த்தினிக்குக்கும் 1854-ல் குவாதலூப்புக்கும் நம்ம பக்கத்து ஆட்களைக் கப்பலில் கொண்டுபோனார்கள். புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைமுகங்கள். இன்றைக்கும் அந்த இரண்டு தீவுகளிலும் "கொலம்போ" என்று ஒரு சமையல் உண்டு. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் அரைத்த பொடி போட்டு, கோழியோ ஆடோ காய்கறியோ ஒரே சட்டியில் கொதிக்கவிடுவது. கொழும்பு நகரத்தின் பெயர் என்கிறார்கள் பலர், நம்ம குழம்புதான் அது என்பவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் மல்லி வெந்தய வாசம் நமக்குத் தெரியாதா?

இந்தப் பக்கம் 1877-ல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். காடு தேயிலையானது. திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து எங்கள் பாட்டன் பூட்டன்கள் மலை ஏறினார்கள். கப்பல் ஏறியவர்களைக் கட்டிப்போட்டது ஐந்து வருட ஒப்பந்தம். மலை ஏறியவர்களைக் கட்டிப்போட்டது கங்காணி கொடுத்த முன்பணம். அங்கே கரும்பு, இங்கே தேயிலை. இரண்டு இடத்திலும் ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு சட்டி. என் மஞ்சள் சீட்டில் நான் மறைத்தது இந்த ஒற்றுமையைத்தான். ஒரு கூலிக்காரியின் பெயரை அழித்து இன்னொரு கூலிக்காரியின் பெயரை எழுதியிருக்கிறேன், அதுவும் ஃபேஷன் என்று நினைத்துக்கொண்டு.

இனி, நான் அடிக்கடி கேட்கும் சில டயலாக்குகளுக்குப் பதில்.

1. "ஒரே சட்டியில் போட்டு இறக்குவது சோம்பேறிச் சமையல்"

இதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் கரண்டி பிடிக்காத ஆண்கள். நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். கனடா வந்த புதிதில் தங்கமணிக்கு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேர நர்ஸ் வேலை. ஒருநாள் நைட் ஷிப்ட் முடித்து வந்து அரிசிம்பருப்பு ஆக்கி வைத்திருந்தார். பொட்டி தட்டிவிட்டு வந்த மகாராஜா நான் மூடியைத் திறந்துவிட்டு, "வெறும் அரிசிம்பருப்புதானா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மறுநாளிலிருந்து சோறு, குழம்பு, ரசம், பொரியல், அப்பளம் என்று ஐந்து பாத்திரம். அரிசிம்பருப்பு எங்கள் வீட்டிலிருந்தே போய்விட்டது. நாலைந்து வருடம் கழித்து நானாகக் கேட்டபோது சொன்னார்: "ஏனுங்க, எங்கம்மா காட்டுல இருந்து வந்து இதத்தான் ஆக்குவாங்க. எங்கப்பாரு ஒருநாளும் 'வெறும்'னு சொன்னதில்லீங்க."

அந்த ஒரு வார்த்தையால் ஒரு பெண்ணின் தூக்கத்தில் தினமும் ஒன்றரை மணி நேரம் திருடியிருக்கிறேன். நாலைந்து வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் பயந்துபோய்ப் போடவில்லை.

ஒரே சட்டிச் சமையலைக் கண்டுபிடித்தவர்கள் சோம்பேறிகள் அல்ல. வயலிலும் தோட்டத்திலும் முழு நாள் உழைத்துவிட்டு வீட்டிலும் உழைக்க வேண்டியிருந்த பெண்கள். அவர்கள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்ட ஒரே லீவு அந்தச் சட்டிதான். 2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் வந்து உட்கார்ந்தார்களே, பொம்பிளை ஒருமை, நினைவிருக்கிறதா? அன்றைக்கு அவர்கள் தினக்கூலி 232 ரூபாய். 20 சதவீத போனஸ் கேட்டார்கள். ஆண் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஒன்பது நாள் உட்கார்ந்து வாங்கினார்கள். அந்தப் பெண்கள் ஆக்கும் சட்டியைப் பார்த்து யாராவது சோம்பேறி என்றால் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது.

ஒன்-பாட் வீடியோக்களில் "ஈஸி, ஈஸி" என்கிறார்களே, அந்த ஈஸி நம்ம வீட்டில் யாருக்கு என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இன்ஸ்டன்ட் பாட் வாங்கிக் கொடுத்துவிட்டு அதிலும் ஐந்து அயிட்டம் கேட்டால் அது ஈஸி இல்லை சாமி.

2. "பஞ்சத்துச் சாப்பாடு. அதைப் போய்ப் பெருமையாக..."

பஞ்சம் உண்மைதான். மறைக்க என்ன இருக்கிறது? மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, அரிசி பற்றாத ஜனங்களுக்கு உதவட்டும் என்று அதைப் பரப்பினார். 1942-ல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய் அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, திருவிதாங்கூரைத் தாங்கியது இந்தக் கிழங்குதான். கப்பையைப் பார்த்துச் சிரிக்கிறவர் தன் தாத்தா 1942-ல் என்ன தின்றார் என்று விசாரித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

அதே நேரம் எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. லயத்து வாழ்க்கை "சிம்பிள்", "அந்தக் காலம் பொற்காலம்" என்று உருகுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரு அறையில் ஒரு குடும்பம் இருந்தது எளிமை இல்லை, கொடுமை. 2020 ஆகஸ்ட் 6 இராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மேல் விழுந்தது. 70 பேர் போனார்கள். தமிழ்த் தோட்டக் குடும்பங்கள். நான் பிறந்ததும் அப்படி ஒரு லயத்தில்தான். சட்டி நல்ல சட்டி. அந்தச் சட்டியைத் தவிர வேறு எதற்கும் வழியில்லாமல் வைத்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் என் அம்மாவுக்கு மரியாதை.

3. "பார்த்தீர்களா, கரீபியன் சமையலையே தமிழன்தான் கண்டுபிடித்தான்!"

இதைப் படித்துவிட்டு யாராவது இப்படி ஒரு ஃபார்வர்டு தட்டப்போகிறீர்கள் என்று தெரியும். செய்யாதீர்கள். நாம் போவதற்கு இருநூறு வருடத்துக்கு முன்பே அங்கே ஆப்பிரிக்கப் பெண்கள் அந்தச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் முன்னால் அந்த மண்ணின் பூர்வகுடிகள். கயானாவில் கிறிஸ்துமஸ் காலையில் தின்னும் பெப்பர்பாட் அவர்களுடையது. மரவள்ளிச் சாற்றைக் கருக்கக் காய்ச்சி, அதில் இறைச்சியைப் போட்டு, தினம் கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்து நாள்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். நம்ம சுண்டக்குழம்பு மாதிரி, ஆனால் நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம்மவர்கள் கடைசியாக வந்து மஞ்சளும் மசாலாவும் போட்டார்கள். அதுவே போதுமான பெருமை. அடுத்தவன் உழைப்பைத் திருடிப் பெருமைப்படுவதும், என் மஞ்சள் சீட்டும் ஒரே ஜாதிதான்.

4. "பசங்களுக்கு இந்தப் பழங்கதையெல்லாம் எதுக்கு?"

எனக்குத் தூக்கம் கெடுவது இதில்தான். என் ஆபீஸ் நண்பரின் குடும்பம் தமிழை இழந்து எத்தனையோ தலைமுறை ஆகிறது. குவாதலூப்பிலும் அதே கதை. பேச்சு போயிற்று, எழுத்து போயிற்று, ஊர்ப் பெயர் போயிற்று. மிஞ்சியது சாமி பெயரும் சட்டியும்தான். அவர்கள் வெட்கப்பட்டு அந்தச் சட்டியையும் ஒளித்து வைத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள், வேண்டா வெறுப்பாக. அவள் பேரப்பிள்ளைக்குத் தமிழ் வரும் என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் ஒரு குளிர்கால இராத்திரி ஒரு சட்டியைக் கிளறிக்கொண்டு, "இது என் பாட்டியோட பாட்டி செய்தது, அவங்க டீ எஸ்டேட்ல வேலை பார்த்தாங்க" என்று அந்தக் குழந்தை சொல்ல வாய்ப்பு இருக்கிறது. அதை நானே "கரீபியன்" என்று சீட்டு ஒட்டிக் கெடுக்கலாமா? பாட்லக் அன்று என் மகளும் அந்தச் சீட்டைப் படித்தாள். "அப்பா, இது பாட்டி செய்றதுதானே?" என்று கேட்டாள். "ஷ்ஷ்" என்றேன். அந்த "ஷ்ஷ்"தான் பொய்யை விடப் பெரிய தப்பு.

சரி, செய்முறை

அக்கா கேட்டிருக்கிறார், கொடுத்துவிடுவோம்.

நாலு பேருக்கு ஒரு கிலோ மரவள்ளி. இங்கே தோல் சீவி உறைய வைத்தே கிடைக்கிறது. துண்டு போட்டு உப்புத் தண்ணீரில் நன்றாக வேகும்வரை கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கட்டாயம் கீழே ஊற்றிவிடுங்கள். மரவள்ளியில் இயற்கையாகவே விஷச் சத்து உண்டு, அது வெந்து தண்ணீரோடு போக வேண்டும். ஒரே சட்டி என்பதற்காக இந்த வேலையில் சிக்கனம் கூடாது. நடுவில் இருக்கும் நரம்பை உருவிப் போடுங்கள்.

அதே சட்டியில் தேங்காய் எண்ணெய் விட்டுக் கடுகு, கறிவேப்பிலை, பத்துப் பதினைந்து சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, கொஞ்சம் இஞ்சி, அரை ஸ்பூன் மஞ்சள். கழுவிய நெத்திலிக் கருவாடு ஒரு கைப்பிடி. சால்ட் ஃபிஷ் என்றால் முதல் நாள் இராத்திரியே ஊறப்போட்டு இரண்டு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் உப்பு கரிக்கும். வேகவைத்த பட்டர் பீன்ஸ் இரண்டு கப், டப்பா பீன்ஸும் ஓகே. கீறிய காந்தாரி மிளகாய் உங்கள் தைரியத்துக்கு ஏற்ப. ஒரு டின் தேங்காய்ப்பால். கிழங்கைத் திரும்பப் போட்டுப் பாதி மசித்து, மூடி பத்து நிமிடம். சைவக்காரர்கள் கருவாட்டை விட்டுவிடலாம், ஒன்றும் குறையாது.

எங்கள் பக்கம் சில வீட்டுக் கொல்லைகளில் சர்வசுகந்தி மரம் நிற்கும். ஜமைக்காக்காரர்கள் பைமென்டோ என்று கொண்டாடும் அதே மரம்தான். அதன் இலை ஒன்று கிடைத்தால் போடுங்கள், மணம் தூக்கும்.

முக்கியமான ஒரு விஷயம். இதைச் செய்ய வேண்டியது ரங்கமணிகள். கிழங்கு வேகத் தெரிந்தால் போதும், பெரிய வித்தை ஒன்றுமில்லை. வாரத்தில் இரண்டு நாள் நீங்கள் சட்டியைப் பிடியுங்கள், அந்த இரண்டு நாள் வீட்டில் குழம்பு, ரசம், பொரியல் என்று யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று சட்டம் போடுங்கள். எங்கள் வீட்டில் செவ்வாயும் வியாழனும். செவ்வாய் கப்பை, வியாழன் அரிசிம்பருப்பு. தங்கமணி அந்த நாட்களில் ஷிப்ட் முடிந்து வந்து நேராகச் சாப்பிட்டுத் தூங்கப் போகிறார்.

அம்மா ஊருக்குத் திரும்ப இன்னும் மூன்று வாரம். அதற்குள் தீபாவளிக் கூட்டம் வருகிறது. அதே சட்டியைத்தான் கொண்டுபோகப்போகிறேன். சீட்டில் என்ன எழுதுவது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கப்பக்கிழங்குன்னு எழுது. வேற என்னத்த எழுத? பசிச்சவன் திம்பான்" என்றார்.

அப்படியே எழுதப்போகிறேன். கீழே ஒரு வரி மட்டும் நான் சேர்ப்பேன்: "எங்கம்மா சமையல், தேவிகுளம்". நாலு கரண்டிதான் போனாலும் சரி, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நாங்களே தின்றுகொள்கிறோம்.

டிஸ்கி 1: ரேஷன் ஜோக் அடித்த நண்பரும் ரெசிபி கேட்ட அக்காவும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். ஆட்டோ அனுப்ப வேண்டாம். அன்றைக்கு உங்களோடு சேர்ந்து சிரித்தவன் நான்தான், அதனால் முதல் அடி எனக்கே விழட்டும். :-)

டிஸ்கி 2: தங்கமணி இதைப் படித்துவிட்டார். "அந்த 'வெறும்' விஷயத்தை எழுதியே ஆகணுமாங்க?" என்றார். எழுதியே ஆகணும்.